டீக்கடையில் பேசலாம்... பாடப்புத்தகத்தில் கூடாதா? ஒரு வரி, ஒரு கார்ட்டூன், ஒரு ஸ்டிக்கரின் கதை

கரையான்சாவடி சிக்னல் பக்கம் காலை எட்டு மணிக்கு நின்றால், நாட்டில் உள்ள எல்லா சர்ச்சைக்கும் தீர்ப்பு கிடைத்துவிடும். ஆவடி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் ஒரு பக்கம், ஷேர் ஆட்டோவுக்கு நிற்பவர்கள் மறுபக்கம், டிரங்க் ரோட்டின் நடுவே வரிசையாக மெட்ரோ தூண்கள். கையில் டீ கிளாஸ் இருக்கும் ஐந்து நிமிடத்துக்குள் இட ஒதுக்கீடு, இந்தி, கோயில் நுழைவு, காதல் திருமணம், யார் சாதியை யார் இழிவுபடுத்தினார்கள் என்று எல்லாமே வந்துபோகும். கருத்து இல்லாத ஆளே அங்கு கிடையாது.

ஆனால் அதே கூட்டத்தில், "சரிண்ணே, இதையெல்லாம் பசங்க புக்ல போடலாமா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும். பேச்சு சட்டென்று மாறிவிடும். "அய்யோ, வேணாம்பா. சின்னப் பசங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? தேவையில்லாம பிரச்சினை ஆயிடும்" என்பதுதான் பெரும்பாலும் பதில். எதிரெதிர் கட்சிக்காரர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள்.

'சாவடி' என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம், ஊர்ப் பொதுவிவகாரம் பேசும் இடம். குமணன்சாவடி, கரையான்சாவடி என்று பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் பெயரிலேயே சாவடி இருக்கிறது. பெரியவர்கள் சாவடியில் சத்தமாகப் பேசுவதைப் பிள்ளைகளின் புத்தகம் ஏன் மெதுவாகக்கூடச் சொல்லத் தயங்குகிறது? அந்தத் தயக்கம் எப்படி உருவாகிறது? அதனால் யாருக்கு நஷ்டம்? கடந்த 15 ஆண்டுகளில் நடந்த சில சம்பவங்களை வரிசையாகப் பார்த்தால் விடை கொஞ்சம் புரியும்.

ஒரு வரிக்காகப் போன ஒரு வரலாறு

என்சிஇஆர்டியின் 9-ஆம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில், உடையின் சமூக வரலாறு பற்றி ஒரு பாடம் இருந்தது. யார் எந்தத் துணியை உடுத்தலாம் என்பதைச் சமூகமும் அரசும் எப்படிக் கட்டுப்படுத்தின என்பதுதான் அதன் பொருள். அதில் ஒரு பகுதி, 19-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பேசியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அன்று திருவிதாங்கூரில்தான் இருந்தது.

பள்ளியில் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: அந்தச் சமஸ்தானத்தில் நாடார் உள்ளிட்ட சமூகங்களைச் சேர்ந்த பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. அதை மீறி உடுத்தியவர்கள் தாக்கப்பட்டார்கள். துணிகள் கிழிக்கப்பட்டன, வீடுகள் எரிக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் நீடித்த போராட்டத்துக்குப் பிறகு, 1859 ஜூலை 26-ஆம் தேதி நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று மன்னர் அறிவித்தார். அப்போதும் 'உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக்கூடாது' என்ற நிபந்தனை இருந்தது. தென்னிந்தியப் பெண்கள் சுயமரியாதைக்காக நடத்திய மிகப் பெரிய போராட்டங்களில் இது ஒன்று.

2012-ல் இந்தப் பாடத்துக்கு எதிராகத் தமிழகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. நாடார்கள் பிற இடங்களிலிருந்து தெற்குத் திருவிதாங்கூருக்கு வந்து நாயர் நிலவுடைமையாளர்களிடம் வேலை செய்தவர்கள் என்ற பொருளில் பாடத்தில் சொல்லப்பட்டிருந்ததே முக்கியமான ஆட்சேபம். 'எங்கள் மண்ணிலேயே எங்களை வந்தேறிகள் என்கிறார்கள்' என்று சமூக அமைப்புகள் கொதித்தன. எதிரெதிர் முகாம்களில் இருந்த தமிழகக் கட்சிகளும் ஒரே குரலில் பேசின. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

ஆட்சேபத்தில் நியாயம் இருக்கலாம். ஒரு சமூகத்தின் பூர்வீகம் பற்றி ஒரு வரியில் தீர்ப்பு எழுதுவது நல்ல வரலாறு அல்ல. அந்த வரியைத் திருத்தியிருக்கலாம். ஆய்வாளர்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன என்று எழுதியிருக்கலாம்.

நடந்தது வேறு. 2016 டிசம்பரில், சாதி மோதலும் உடை மாற்றமும் குறித்த அந்தப் பகுதியிலிருந்து 2017 தேர்வில் கேள்வி வராது என்று சிபிஎஸ்இ பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. தேர்வில் வராத பாடத்தை நம்மூர் வகுப்பறையில் யார் நடத்துவார்கள்? 2019 மார்ச்சில், மாணவர்களின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, அந்தப் புத்தகத்திலிருந்து மூன்று பாடங்கள் நீக்கப்பட்டன. அவற்றில் உடை பற்றிய பாடமும் ஒன்று.

ஒரு தப்பான வரி போனது. கூடவே, அடி வாங்கியும் அஞ்சாமல் மேலாடை அணிந்த பெண்களின் கதையும் போனது. கேட்டது திருத்தம், கிடைத்தது மறதி.

2012: கார்ட்டூன்கள் வெட்டப்பட்ட வருடம்

அதே 2012-ல் இன்னொரு புயல். என்சிஇஆர்டி 2006-ல் வெளியிட்ட 11-ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகத்தில், கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-ல் வரைந்த படம் ஒன்று இருந்தது. அரசியல் சாசனம் என்ற நத்தை மேல் அம்பேத்கர் சாட்டையுடன் அமர்ந்திருக்கிறார். பின்னால் நேருவும் சாட்டையை ஓங்கி நிற்கிறார். சாசனம் எழுதி முடிக்க ஏன் அத்தனை காலம் ஆனது என்பதை மாணவர்கள் யோசிக்க வைப்பதற்காகப் படம் சேர்க்கப்பட்டிருந்தது.

'அம்பேத்கரை நேரு சாட்டையால் அடிப்பது போல இருக்கிறது' என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். 2012 மே 11 அன்று நாடாளுமன்றமே அமளியானது. தமிழகத்திலிருந்து தொல். திருமாவளவன் உள்ளிட்டோர் எதிர்ப்புத் தெரிவித்திருந்தனர். அன்றே, கார்ட்டூன் நீக்கப்படும் என்று அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல் அறிவித்தார். புத்தகத்தின் தலைமை ஆலோசகர்களாக இருந்த யோகேந்திர யாதவ், சுகாஸ் பல்ஷிகர் இருவரும் பதவி விலகினர். மறுநாள் புனேயில் பல்ஷிகரின் அலுவலகம் சூறையாடப்பட்டது.

அடுத்த மாதம் தமிழகத்தின் முறை. 12-ஆம் வகுப்புப் புத்தகத்தில், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த கார்ட்டூன் இருப்பது வெளியே வந்தது. போராடிய மாணவர்களுக்கு இங்கிலீஷும் தெரியாது என்று கிண்டல் செய்யும் தொனியில் இருந்தது படம். கருணாநிதி, வைகோ உள்ளிட்ட தலைவர்கள் நீக்கச் சொன்னார்கள். மொழிப்போரில் உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். அந்த வலியோடு பார்ப்பவருக்குப் படம் உறுத்தாமல் இருக்காது.

எஸ்.கே. தோரட் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, புத்தகங்களில் இருந்த பல கார்ட்டூன்களை நீக்கப் பரிந்துரைத்தது. குழுவில் ஒரே ஒரு உறுப்பினர் உடன்படாமல் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். அவர் ஒரு தமிழர்: வரலாற்று ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். திராவிட அரசியலையும் பிராமணர் அல்லாதார் இயக்கத்தையும் பற்றி முக்கியமான நூல்கள் எழுதியவர். இந்தித் திணிப்பை ஆதரிப்பவர் என்றோ, அம்பேத்கரை மதிக்காதவர் என்றோ அவரை யாரும் சொல்ல முடியாது. ஒரு படத்தை வெறுப்பதும், அதை வகுப்பறையிலிருந்து நீக்குவதும் வேறு வேறு என்று ஒருவரால் நினைக்க முடியும் என்பதற்கு அவரே உதாரணம்.

யோசித்துப் பார்த்தால், அந்த இந்தி எதிர்ப்பு கார்ட்டூன் ஒரு நல்ல வகுப்பறைக் கேள்வி. 1965-ல் மும்பையில் இருந்து வெளிவந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகை தமிழ்நாட்டு மாணவனை எப்படிப் பார்த்தது? ஏன் அப்படிப் பார்த்தது? டெல்லியில் உட்கார்ந்து படிக்கும் 12-ஆம் வகுப்பு மாணவனிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்லவா அது?

2011: மார்க்கரும் ஸ்டிக்கரும்

'இதெல்லாம் டெல்லி விவகாரம், நம்ம புக் அப்படியில்ல' என்று நினைப்பவர்கள், அப்போது பள்ளியில் படித்த யாரையாவது கேட்டுப் பார்க்கலாம். இன்று 20-களின் நடுவில், 30-ஐ நெருங்கும் வயதில் இருப்பவர்களுக்கு நேரடி அனுபவமே இருக்கும்.

மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல், மாநில வாரியம் என்று பிரிந்து கிடந்த பாடத்திட்டத்தை ஒன்றாக்க, 2010-ல் திமுக அரசு சமச்சீர் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. புத்தகங்கள் அச்சாகித் தயாராக இருந்த நேரத்தில், 2011 மே மாதம் ஆட்சி மாறியது. தரம் போதவில்லை என்று சொல்லி அதிமுக அரசு திட்டத்தை நிறுத்திவைத்தது. சுமார் 200 கோடி ரூபாய் செலவில் அச்சிட்ட புத்தகங்கள் குடோனில் கிடந்தன. ஜூலை 18 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை ரத்து செய்தது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்து, 10 நாட்களுக்குள் சமச்சீர் கல்வியை அமல்படுத்த உத்தரவிட்டது.

அதற்குள் ஸ்கூல் திறந்து வாரங்கள் ஓடிவிட்டன. கையில் புத்தகம் வந்தபோது சில பக்கங்களில் ஸ்டிக்கர், சில வரிகளில் கறுப்பு மை. கருணாநிதியின் படைப்பு, செம்மொழி மாநாடு தொடர்பான பகுதிகள் எல்லாம் மறைக்கப்பட்டிருந்தன. மறைத்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்பார்கள். ஓரத்தை நகத்தால் கிள்ளி உரிப்பார்கள். அந்த வருடம் தமிழகத்தில் மிகக் கவனமாகப் படிக்கப்பட்ட பக்கங்கள் அவையாகத்தான் இருக்கும்.

கரையான்சாவடிக்குப் பக்கத்திலேயே, பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், பார்வைத்திறன் குறைந்தோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. பிரெயில் புத்தகத்தில் கறுப்பு மார்க்கர் வேலை செய்யாது. விரல் நேரடியாக எழுத்தைத் தொட்டுவிடும். அங்கே ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தையே மாற்ற வேண்டும். 'ஒரு வரிதானே' என்று எளிதாகச் சொல்லும் விஷயத்துக்குப் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது என்பது இங்கே புரியும்.

எல்லா ஆட்சி மாற்றமும் அப்படியே நடந்தது என்றும் சொல்ல முடியாது. 2021-ல் ஆட்சி மாறியபோது, ஜெயலலிதா, எடப்பாடி பழனிசாமி படங்களுடன் சுமார் 65 லட்சம் ஸ்கூல் பேக்குகள் தயாராக இருந்தன. படத்தை மாற்ற வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று முதல்வர் ஸ்டாலின் முடிவெடுத்தார். சுமார் 13 கோடி ரூபாய் மிச்சமானது.

பயம் எந்தக் கதவு வழியாக உள்ளே வருகிறது?

தமிழக அரசின் புத்தகம் தயாராகும் வழி இது: பாடத்திட்டத்தையும் பாடங்களையும் உருவாக்குவது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். ஆசிரியர்கள், பேராசிரியர்கள் அடங்கிய குழு எழுதும். மேலாய்வாளர்கள் சரிபார்ப்பார்கள். அச்சிட்டு வினியோகிப்பது தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம். எழுதியவர்களின் பெயர்கள் புத்தகத்தின் கடைசியில் இருக்கும்.

அந்தக் கடைசிப் பக்கம்தான் விஷயம். எழுதுபவர் பெரும்பாலும் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர். நல்ல பாடம் எழுதினால் அவருக்கு விருது கிடைக்கப்போவதில்லை. ஆனால் ஒரு வரி சர்ச்சையானால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், டிவியில் விவாதம் நடக்கும். அப்போது அவர் எந்தப் பக்கம் சாய்வார்? 'மோதல் நடந்தது' என்பதற்குப் பதில் 'சில சம்பவங்கள் நிகழ்ந்தன' என்று எழுதுவார். யார், எங்கே, எப்போது என்பதை விட்டுவிடுவார். யாரும் தடை போட வேண்டியதில்லை. பேனாவே தானாக நின்றுவிடும்.

தமிழக அரசுப் புத்தகத்தின் தொடக்கத்தில், தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மையற்றது என்ற அறிவிப்பு இருப்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதே நபரிடம், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை ஸ்கூலில் படித்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். தீண்டாமை குற்றம் என்று சொல்வது எளிது. எந்த ஊரில், யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று சொல்வதுதான் கஷ்டம்.

தனியார் பதிப்பகங்களின் பயம் வேறு மாதிரி. மத, சமூக உணர்வைப் புண்படுத்தியதாகச் சொல்லி யார் வேண்டுமானாலும் எங்கேயும் புகார் கொடுக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ, 295ஏ பிரிவுகள், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 196, 299 என்ற எண்களில் தொடர்கின்றன. வழக்கில் ஜெயித்தாலும் அலைச்சலே தண்டனை.

2014-ல் பெங்குயின் நிறுவனம், வெண்டி டோனிகரின் இந்து மதம் குறித்த நூலை, வழக்கில் சமரசம் செய்துகொண்டு திரும்பப் பெற்றது. அதே ஆண்டு, போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பலரின் மேஜையிலும் இருக்கும் 'பிளாசி முதல் பிரிவினை வரை' நூலுக்கு, அதை வெளியிட்ட ஓரியண்ட் பிளாக்ஸ்வான் நிறுவனத்துக்கு நோட்டீஸ் வந்தது. உடனே அந்த நிறுவனம், அகமதாபாத் கலவரங்களில் பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய வேறொரு ஆய்வு நூலையும் மறுபரிசீலனைக்காக நிறுத்திவைத்தது. நோட்டீஸ் வந்தது ஒரு புத்தகத்துக்கு, நின்றுபோனது இன்னொன்று. முன்னெச்சரிக்கை இப்படித்தான் பரவும்.

அப்போ தப்பைச் சுட்டிக்காட்டவே கூடாதா?

கண்டிப்பாகச் சுட்டிக்காட்ட வேண்டும். பிரச்சினை புகார் கொடுப்பதில் இல்லை, புகாருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதில்தான்.

2019-ல் தமிழக 12-ஆம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில், தமிழைவிட சம்ஸ்கிருதம் மிகப் பழமையானது என்ற பொருளில் காலக் கணக்கு வெளியானது. தமிழறிஞர்களும் ஆசிரியர்களும் சுட்டிக்காட்டினார்கள். திருத்தம் செய்யப்பட்டது. இது தகவல் பிழை, திருத்தமே சரியான பதில்.

வெளிநாட்டிலும் இப்படி நடக்கிறது. 2015-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்ராஹில் நிறுவனத்தின் புவியியல் புத்தகம், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களைத் 'தொழிலாளர்கள்' என்று குறிப்பிட்டது. ஒரு தாய் அதைப் படம் பிடித்துப் பகிர, விஷயம் பெரிதானது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, வரியைத் திருத்தியது. அச்சான பிரதிகளில் ஒட்ட ஸ்டிக்கரும் கொடுத்தது. அங்கே ஸ்டிக்கர் உண்மையைச் சேர்க்க வந்தது. நம்மூரில் 2011-ல் மறைக்க வந்தது. கருவி ஒன்றுதான், வேலை வேறு.

சில விஷயங்களில் சரி, தப்பு என்று உடனே சொல்லிவிடவும் முடியாது. 2021-ல், பாடப்புத்தகத்தில் உ.வே. சாமிநாதையர் 'உ.வே. சாமிநாதர்' ஆனது விவாதமானது. சாதிப் பின்னொட்டு பிள்ளைகள் மனதில் பதிய வேண்டாம் என்பது ஒரு தரப்பு. ஒருவர் வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்திய பெயரை மாற்றுவது வரலாற்றைத் திருத்துவது என்பது இன்னொரு தரப்பு. இரண்டிலும் பொருள் இருக்கிறது. இந்த விவாதத்தையே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் நாற்பது நிமிட வகுப்பு போதாது.

'சுமை குறைப்பு' என்ற சத்தமில்லாத கத்தரி

கொரோனாவுக்குப் பிறகு, மாணவர்களின் சுமையைக் குறைப்பதாக 2022-ல் என்சிஇஆர்டி பாடங்களைக் குறைத்தது. 12-ஆம் வகுப்பிலிருந்து முகலாய அரசவைகள் பற்றிய பாடம், குஜராத் கலவரம் தொடர்பான பகுதிகள், 10-ஆம் வகுப்பிலிருந்து பரிணாமக் கொள்கை, தனிம வரிசை அட்டவணை எல்லாம் போயின. பரிணாமத்தைத் திரும்பச் சேர்க்கக் கோரி 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டார்கள். 2012-ல் கார்ட்டூனுக்காகப் பதவி விலகிய அதே யாதவும் பல்ஷிகரும், 2023-ல் 'இந்தப் புத்தகங்களிலிருந்து எங்கள் பெயரை நீக்கிவிடுங்கள்' என்று கேட்டார்கள்.

கரையான்சாவடியில் ஒரே அபார்ட்மெண்டில் ஒரு வீட்டுப் பிள்ளை ஸ்டேட் போர்டு, எதிர்வீட்டுப் பிள்ளை சிபிஎஸ்இ. இருவருக்கும் ஒரே வயது, ஒரே தெரு, ஒரே கிரிக்கெட் டீம். ஆனால் சொந்த நாட்டைப் பற்றி இருவரும் கேட்கும் கதை வேறு வேறு. இரண்டு புத்தகத்திலும் இல்லாததை அவர்கள் எங்கே தெரிந்துகொள்வார்கள்? ரீல்ஸிலும், சாதிச் சங்க வாட்ஸ்அப் குரூப்பிலும். 'சின்னப் பசங்களுக்கு எதுக்கு' என்று பெரியவர்கள் மூடிய கதவுக்கு வெளியே காத்திருப்பது மௌனம் அல்ல. மேலாய்வாளர் இல்லாத, கடைசிப் பக்கத்தில் பெயர் போடாத ஆசிரியர்கள்.

அடுத்த முறை ஸ்க்ரீன்ஷாட் வந்தால்...

ஒரு பக்கத்தின் படம், சிவப்பு வட்டம், 'பாருங்க, என்ன சொல்லித் தராங்கன்னு' என்ற ஒரு வரி. இப்படித்தான் எல்லா சர்ச்சையும் போனுக்கு வருகிறது. பகிர்வதற்கு முன் நான்கு கேள்விகள் போதும்.

1. இது எந்தப் புத்தகம், எந்த ஆண்டுப் பதிப்பு? மாநில அரசுப் புத்தகமும் என்சிஇஆர்டி புத்தகமும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தனியார் பள்ளியின் கைடு என்றால் அதற்கு அரசு பொறுப்பல்ல.

2. முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? ஒரு பழைய கருத்தைக் கேள்வி கேட்பதற்காகவே அது மேற்கோள் காட்டப்பட்டிருக்கலாம்.

3. இது பிழையா, இழிவா, சங்கடமா? பிழை என்றால் திருத்தம் கேட்கலாம். இழிவு என்றால் சொல்லை மாற்றச் சொல்லலாம். நடந்த உண்மை நமக்குச் சங்கடமாக இருக்கிறது என்றால், அது புத்தகத்தின் குற்றம் இல்லை.

4. நீக்கினால் கூடவே யாருடைய கதை போகும்? பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி இதுதான்.

நான்காவது கேள்வியை 2012-ல் சத்தமாக யாராவது கேட்டிருந்தால், அந்த ஒரு வரி மட்டும் மாறியிருக்கும். மேலாடைக்காக அடிபட்ட பெண்களின் கொள்ளுப் பேத்திகள், தங்கள் பாட்டிகளைப் பற்றி நாடு முழுக்க உள்ள பிள்ளைகளோடு சேர்ந்து 9-ஆம் வகுப்பில் படித்துக்கொண்டிருப்பார்கள்.

சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது. டீ கிளாஸை வைத்துவிட்டு எல்லோரும் அவரவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். கூட்டத்தோடு பஸ் ஏறும் பள்ளிப் பிள்ளைகளும் இந்தப் பேச்சையெல்லாம் கேட்டபடிதான் நின்றிருந்தார்கள்.